காம்ப்ளிமென்ட் டியூப்புக்குக் கறுப்புக் கயிறு

போன மாதம் பிரகாஷ் போன் செய்தார். தாம்பரத்தில் நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரி லேபில் இப்போது அவர்தான் தர அதிகாரி. எந்த வேலை எந்த விதிப்படி நடக்கிறது என்று ஃபைலும் கையுமாகச் சுற்றி வருகிற உத்தியோகம். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், அடுத்த மாசம் ஆடிட் வருது. உங்க காலத்துல ஆரம்பிச்ச பழக்கம் ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கு. காம்ப்ளிமென்ட் டெஸ்டுக்கு வர்ற டியூப் கழுத்துல மட்டும் கறுப்புக் கயிறு கட்டறாங்க. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல. ஜெயசீலி அக்கா சொன்னதுன்னு சொல்றாங்க. ஆடிட்டர் பாத்தா திருஷ்டிக் கயிறான்னு கேப்பாரு."

"திருஷ்டிக் கயிறேதான்" என்றேன்.

 "பார்கோடு இருக்கு மேடம், கலர் மூடி இருக்கு. இதுவும் எதுக்கு?" என்றார். காரணம் இருந்தால் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார், ஃபைலில் வைக்கிறாராம். இல்லையென்றால் எடுத்துவிடப் போகிறார். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். நான் சுருக்கமாகப் பேசியதாக லேபில் யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

முதலில் காம்ப்ளிமென்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் ரத்தத்தில் சில புரதங்கள் கூட்டமாக எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். கிருமி வந்தால் முதல் புரதம் இரண்டாவதைத் தட்டி எழுப்பும், இரண்டாவது மூன்றாவதை. கடைசியில் வருகிறவை ஒன்றுசேர்ந்து கிருமியின் மேல்தோலில் ஓட்டை போட்டுக் கொல்லும். இந்தக் கூட்டத்துக்குத்தான் காம்ப்ளிமென்ட் என்று பெயர். நல்ல காவல்காரர்கள்தான். ஆனால் வாழ்நாளில் பெரும்பகுதி நான் செய்தது அவர்களைக் கொல்லும் வேலை.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு, மின்சார ரயிலில் போய்வந்து இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் டிப்ளமா படித்தேன். அங்கே கற்றதில் பாதியை இப்போது மெஷின் செய்கிறது, மீதியில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான்: ஐம்பத்தாறு டிகிரி, முப்பது நிமிஷம். கர்ப்பிணிகள், ரத்த தானம் செய்கிறவர்கள், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் விடிஆர்எல் என்று ஒரு பால்வினை நோய்ப் பரிசோதனை உண்டு. ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீரில், அதாவது சீரத்தில், அதைச் செய்வோம். சீரத்தில் இருக்கிற காம்ப்ளிமென்ட் அந்தப் பரிசோதனையைக் குழப்பும். அதனால் முதலில் வெந்நீர்த் தொட்டியில், அதை வாட்டர் பாத் என்போம், ஐம்பத்தாறு டிகிரியில் அரை மணி வைத்து எடுக்க வேண்டும். காம்ப்ளிமென்ட் செத்துவிடும், மற்றதெல்லாம் பிழைத்திருக்கும்.

இதை நான் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேன் என்று தெரியாது. டியூப் வரும், மெஷினில் சுற்றுவேன், சீரத்தை உறிஞ்சிச் சின்னக் குழாயில் விடுவேன், நம்பர் எழுதுவேன், இடது பக்கம் இருக்கிற வாட்டர் பாத்தில் வைப்பேன். சுற்று, உறிஞ்சு, எழுது, இடது பக்கம். எதிரில் யாராவது நின்று மாமியார் கதை சொன்னாலும் 'உம்' கொட்டிக்கொண்டே செய்வேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

எங்கள் லேபின் தலைவர் டாக்டர் வசந்தா. ஒல்லியான உருவம், தாழ்ந்த குரல். ஏதாவது தப்பு நடந்தால் "யார் செஞ்சது?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "ஏன் செஞ்சே?" என்றும் கேட்க மாட்டார். ஒரே வார்த்தைதான்: "செஞ்சு காட்டு." நாம் அந்த வேலையை முதலிலிருந்து அப்படியே திரும்பச் செய்ய வேண்டும். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, நேற்று என்ன சமைத்தாய், செம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சம்பந்தமில்லாமல் பேச்சுக் கொடுப்பார். ஒருமுறை கேட்டேவிட்டேன், "மேடம், வேலை செய்யறப்ப ஏன் பேசறீங்க?" என்று.

"யோசிச்சு செஞ்சா எல்லாரும் சரியாத்தான் செய்வாங்க ஜெயசீலி. உன் கை தனியா இருக்கறப்ப என்ன செய்யுதுன்னு நான் பாக்கணும்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. என் கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருடம் முன்பு கவிதா வந்தாள். முடிச்சூர்க்காரி, இருபத்தாறு வயது. சிசேரியனில் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோய், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் மளமளவென்று இறங்கி, எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் நான்தான். சிவப்பணுக்கள் உடைந்த வளையல் துண்டுகளாகக் கிடந்தன.

கிட்னி டாக்டர் இம்தியாஸ் நோயைக் கண்டுபிடித்தார். கிருமி எதுவும் இல்லாமலே அவளுடைய காம்ப்ளிமென்ட் கிளம்பி, அவள் ரத்தக் குழாய்களையே தாக்கிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அதை அடக்கப் பிறவியிலேயே ஒரு கடிவாளம் உண்டு. கவிதாவுக்கு அது சரியில்லை. பிரசவத்தின்போது பிய்த்துக்கொண்டது. முதலில் அடி வாங்குவது சிறுநீரகம்.

அதற்கு மருந்து இருந்தது. காம்ப்ளிமென்ட் வரிசையில் ஓட்டை போடக் கிளம்புகிற அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் கட்டிப்போடுகிற மருந்து. இப்போது இந்த வகையில் மாத்திரைகள்கூட வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அன்று டிரிப் மட்டும்தான், அதுவும் அரசு அனுமதி வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். கவிதாவின் அம்மா சரோஜா பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூ கட்டி விற்கிறவர். விலை கொடுத்து வாங்குகிற பேச்சே இல்லை. டாக்டர் இம்தியாஸ் யார் யாருக்கோ எழுதி, ஒரு உதவித் திட்டத்தில் அவள் பெயரைச் சேர்த்தார். காவல்காரர்களைக் கட்டிப்போட்டால் மூளைக்காய்ச்சல் கிருமி நுழையும் என்று தடுப்பூசி போட்டு, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, அதற்குப் பிறகே மருந்தை ஏற்றினார். முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு பதினான்கு நாளுக்கு ஒரு தடவை. இரண்டாம் மாதம் டயாலிசிஸ் நின்றது. கவிதா மறுபடியும் தானாகச் சிறுநீர் கழித்த அன்று சரோஜா வார்டு முழுக்க மல்லிகைப்பூ கொடுத்தார். லேப் வரைக்கும் வந்தது.

ஆனால் திட்டத்தில் வருகிற குப்பிகள் குறைவு, கப்பலும் அனுமதியும் நம் சொல் கேட்பதில்லை. அதனால் டாக்டர் இம்தியாஸ் இடைவெளியைக் கூட்டப் பார்த்தார். பதினான்கு நாள் இருபத்தொன்றாகும், முடிந்தால் இருபத்தெட்டாகும். ஒரு நிபந்தனை. அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால் ரத்தம் எடுத்து, மருந்து இன்னும் காம்ப்ளிமென்ட்டைக் கட்டி வைத்திருக்கிறதா என்று லேப் சொல்ல வேண்டும். அதற்கான பரிசோதனை பழைய காலத்துக் கைவேலை. லேபில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். டாக்டர் வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தபோது கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

வேலை இதுதான். ஆட்டு ரத்த அணுக்களைக் கழுவி, அவற்றின் மேல் எதிர்ப்பொருள் பூசித் தயாராக வைத்திருக்க வேண்டும். நோயாளியின் சீரத்தை ஆறு குழாய்களில் படிப்படியாக நீர்க்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஆட்டு அணுக்களை விட வேண்டும். உடல் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பிறகு சுற்றிப் பார்க்க வேண்டும். காம்ப்ளிமென்ட் உயிரோடு இருந்தால் ஆட்டு அணுக்களை உடைத்துவிடும், குழாய் முழுக்கச் சிவப்பாகும். கட்டுண்டு கிடந்தால் அணுக்கள் உடையாமல் அடியில் குங்குமப் பொட்டாக உட்காரும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். அப்போது ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்று எழுதுவோம். முக்கியமான விதி ஒன்று உண்டு. காம்ப்ளிமென்ட் சூடு தாங்காது. சீரத்தைப் பிரித்த நிமிடமே ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் கிண்ணம் என் மேஜையில் வலது பக்கம் இருந்தது.

முதல் தடவை பூஜ்யம் என்று ரிப்போர்ட் போனதும் சரோஜா தாளைப் பிடித்துக்கொண்டு லேப் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், ஜீரோனு போட்டுகீது? எம்பொண்ணு ஃபெயிலா?"

"இல்லம்மா. இந்தப் பரீட்சைல ஜீரோதான் பாஸ்."

"இன்னா பரீச்ச மேடம் இது! எம்மவன் படிக்கசொல்ல இந்த மாரி ஒண்ணு இருந்திருந்தா அவன் கலெக்டரே ஆயிருப்பான்."

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் வந்து, "நம்ம ஜீரோ வந்துச்சா?" என்று கேட்பார். ஒருமுறை பதினான்காம் நாள் முதல் குழாயில் மட்டும் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தது. பூஜ்யம் இல்லை, ஆனால் டாக்டர் வைத்திருந்த எல்லைக்குள்தான். அதை வைத்துத்தான் இருபத்தொரு நாளுக்குத் தள்ளிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

அந்த இருபத்தொன்றாம் நாள் காலை கவிதாவின் ரத்தம் வந்தது. அன்று ஏதோ கம்பெனியில் ஆள் எடுத்திருந்தார்கள், விடிஆர்எல் மட்டும் நாற்பதுக்கு மேல். எனக்கு எதிரில் பில் கவுன்டர் பெண் நின்று, தன் வீட்டுக்காரர் வாங்கப் போகிற ஃப்ளாட் பள்ளத்தில் இருக்கிறதா மேட்டில் இருக்கிறதா, வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லிக்கொண்டே வேலை செய்தேன். மதியம் காம்ப்ளிமென்ட் பரிசோதனைக்கு உட்கார்ந்தபோது கவிதாவின் குழாய் ஐஸ் கிண்ணத்தில் இருந்தது. எடுத்துச் செய்தேன். ஆறு குழாயும் தெளிவு. கூடவே ஓட்டிய நோயில்லாத ஆளின் சீரம், அதைக் கன்ட்ரோல் என்போம், சிவப்பாக வந்தது, அதனால் பரிசோதனையில் கோளாறு இல்லை. பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று அவளுடைய தட்டணுக்கள் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தன. நோய் திரும்பினால் முதலில் தெரிவது அதுதான் என்பதால் டாக்டர் இம்தியாஸ் அதைக் கவனித்தார். காம்ப்ளிமென்ட் பூஜ்யமாக இருப்பதால், இது வேறு சில்லறைக் காரணமாக இருக்கும் என்று ஒதுக்கினார். மருந்து இன்னும் வேலை செய்கிறது, குப்பி ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகிற வழியில் சரோஜா ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் வசந்தா என் மேஜைக்கு வந்தார். கையில் கவிதாவின் பழைய ரிப்போர்ட்டுகள்.

"பதினாலாம் நாள் கொஞ்சம் சிவப்பு. இருபத்தொண்ணாம் நாள் சுத்தமா பூஜ்யம். நாள் ஆக ஆக மருந்து குறையணும், சிவப்பு ஏறணும். இது எப்படி இறங்குச்சு?"

"கன்ட்ரோல் சரியா இருந்துச்சு மேடம். ஐஸ்லதான் வச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"செஞ்சு காட்டு."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருட சர்வீஸ், பக்கத்து மேஜையில் லதா பார்த்துக்கொண்டிருக்கிறாள். லதா எனக்கு அடுத்த சீனியர். சரி என்று தண்ணீர் விட்ட டியூப்புகளை எடுத்து ஆரம்பித்தேன். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, என் மகளுக்குப் பார்த்த வரன் என்ன ஆயிற்று என்றார். பையன் நல்ல பையன் மேடம், அவங்க அம்மாதான் ஒரு மாதிரி, என்று நான் ஆரம்பித்தேன். நாலு விடிஆர்எல் டியூப், அடுத்து கவிதா என்று எழுதிய டியூப். சுற்றினேன், உறிஞ்சினேன், எழுதினேன்.

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். என் கை வாட்டர் பாத்துக்குள் இருந்தது. கவிதாவின் குழாய் நாலு விடிஆர்எல் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

லதாதான் முதலில் வாய் திறந்தாள். "அக்கா... நேத்து அரை மணி முடிஞ்சு வாட்டர் பாத் பெல் அடிச்சப்ப அந்த டியூப் உள்ள ரேக்லதான் இருந்துச்சு. நான்தான் எடுத்து ஐஸ்ல வச்சேன். நீங்க சீனியர், தெரிஞ்சுதான் சூடு காட்டியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

மருந்து கட்டிப்போட்ட காம்ப்ளிமென்ட்டுக்கும் நான் வேகவைத்துக் கொன்ற காம்ப்ளிமென்ட்டுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே எண்தான். பூஜ்யம். நான் ஐஸில் வைத்ததாக எனக்கு இருந்த ஞாபகம் சுத்தப் பொய். மதியம் ஐஸில் பார்த்தேன், காலையில் நானே வைத்தேன் என்று மனது சேர்த்துக்கொண்டது.

ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்த நினைப்பு கவிதாவைப் பற்றி அல்ல. ஆறு நாளில் எப்படியும் வரப்போகிறாள், அதற்குள் ஒன்றும் ஆகாது, பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்பதுதான். டாக்டர் வசந்தா என் முகத்தைப் பார்த்தார். படித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.  இம்தியாஸிடம் தானே சொல்வதாகவும், நான் அவளை அழைத்துவர வேண்டும் என்றும் சொன்னார்.

"போன்ல மழுப்பாதே. நேர்ல போய், என்ன நடந்துச்சோ அதைச் சொல்லிக் கூட்டிட்டு வா."

மழுப்புவதற்குக்கூட யாரும் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து முடிச்சூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும் திருநீர்மலைக்குப் போயிருக்கிறார்கள், மகள் பிழைத்தால் மலையேறி வந்து கும்பிடுவதாகச் சரோஜா வேண்டியிருந்தார், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டார்கள் அல்லவா, என்றார். அந்த லீவைக் கொடுத்தவள் நான். அதே ஆட்டோவைத் திருநீர்மலைக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் அவளுடைய உடைந்த சிவப்பணுக்கள்தான் கண்ணில் நின்றன.

நான் அடிவாரத்தில் இறங்கியபோது அவர்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். சரோஜாவின் தோளில் குழந்தை. கவிதா கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக வந்தாள். என்னைப் பார்த்ததும் சரோஜாவின் முகம் மலர்ந்தது.

"இன்னா மேடம், இங்க? நீங்கோ சர்ச்சுக்குப் போறவங்களாச்சே! பெருமாள் இஸ்துகினு வந்துட்டாரா?"

"சரோஜாம்மா, நேத்து நான் சொன்ன ஜீரோ தப்பு. என் கையால நடந்த தப்பு. அந்த ரத்தத்தைச் சூடு காட்டக் கூடாது, நான் காட்டிட்டேன். அதனாலதான் ஜீரோ வந்துச்சு. மருந்து உள்ள வேலை செய்யுதா இல்லையான்னு எனக்கு இப்ப தெரியாது. உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மரியாதை போய்விட்டது, போக வேண்டியதுதான்.

"சுட வச்சியா? ரசமா அது, சுட வெக்க? நீ ஜீரோன்னியேன்னுதானே அத்த மல ஏத்துனேன்! வாயிலயும் வயித்துலயும் அடிச்சுக்கினு அத்தக் காப்பாத்தி வெச்சிகீறேன், நீ பாட்டுக்கு..."

பூ விற்க வந்தவர்கள், செருப்புப் பார்க்கிறவர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்று வாங்கிக்கொண்டேன்.  கவிதாதான் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கடைசிப் படியில் உட்கார்ந்து புடவையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டினாள்.

"கால் வீங்கியிருக்குக்கா. படி ஏறுனதாலன்னு நெனச்சேன். காலைலயே இருந்துச்சு."

விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன், சரோஜா மகளைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்.  தாம்பரம் வரை குழந்தை என் அடையாள அட்டையைச் சப்பிக்கொண்டே வந்தது.

டாக்டர் இம்தியாஸ் வாசலிலேயே நின்றார். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார், எடுத்து முடித்ததும் ஃப்ரிட்ஜில் இருந்த குப்பியைக் கொண்டுவந்து டிரிப்பை ஆரம்பித்துவிட்டார். என்னை அவர் திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அது எனக்குத் திட்டைவிட வலித்தது.

அந்த ரத்தத்தை நானே பரிசோதித்தேன். டாக்டர் வசந்தா பின்னால் நின்றார், இந்தத் தடவை ஒரு வார்த்தை பேச்சுக் கொடுக்கவில்லை. சீரத்தைப் பிரித்தேன், இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் ஐஸில் வைத்தேன். முடிவு வந்தபோது முதல் நாலு குழாய்களும் நல்ல சிவப்பு. மருந்தின் பிடி விட்டுப் போயிருந்தது. தட்டணுக்கள் முந்தைய நாளைவிட இன்னும் இறங்கியிருந்தன, சிறுநீரில் புரதம் போயிருந்தது. ஆறு நாள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் இம்தியாஸிடம் பிற்பாடு கேட்டேன். "திரும்ப டயாலிசிஸ் மெஷின்ல உக்காந்திருப்பா. அதுக்கப்புறம் எழுந்திருப்பாளான்னு நான் சொல்ல முடியாது" என்றார்.

அவள் சிறுநீரகம் பழைய நிலைக்கு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். தூங்கினேன். எழுந்ததும் முதல் நினைப்பு அதுவாக இருந்தது. நடந்ததை என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன், நிர்வாகம் மெமோ கொடுத்தது, வாங்கிக்கொண்டேன். மூடியின் நிறத்தை மாற்றினோம், சிவப்பு மையில் எச்சரிக்கை எழுதி ஒட்டினோம்.

அடுத்த ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. பதினான்கு நாளுக்கே திரும்பியிருந்தார்கள். நான் ரத்தம் எடுத்து முடித்ததும் சரோஜா, "அந்த டியூப்ப இப்பிடி குடு" என்றார். மடியிலிருந்து குழந்தை இடுப்புக்கு வாங்கிய கறுப்புக் கயிற்றில் ஒரு துண்டு எடுத்தார். பூ கட்டுகிற விரல்கள் அல்லவா, கண் இமைக்கும் நேரத்தில் டியூப் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

"ஒன் கண்ணுல படட்டும். எம்பொண்ணு ரத்தம்னு ஒனக்கு நெனப்பு வரட்டும்."

லேபுக்கு வந்ததும் அதை வெட்டக் கத்தரிக்கோல் எடுத்தேன். விதிப்படி டியூப்பில் வேறு பொருள் இருக்கக் கூடாது. டாக்டர் வசந்தா என் கையைப் பிடித்துவிட்டார். டியூப்பை வாங்கி, கயிற்றின் மேல் கட்டைவிரலை வைத்து உருட்டிப் பார்த்தார்.

"நாம ஒட்டுனது எல்லாம் கண்ணுக்கு ஜெயசீலி. அன்னைக்குத் தப்பு செஞ்சது உன் கண்ணு இல்ல. கை படிக்காது. கைக்குத் தொட்டாத்தான் தெரியும். அந்தம்மா சரியான இடத்துலதான் கட்டியிருக்காங்க. இந்த டெஸ்டுக்கு வர்ற டியூப்புக்கும் கட்டு, சீரம் விடற சின்னக் குழாய்க்கும் கட்டு."

அன்று சாயந்திரமே பூஜை சாமான் கடையில் ஒரு கண்டு கறுப்புக் கயிறு வாங்கி வந்தேன். சரோஜாவிடம் கேட்டு அந்த முடிச்சையும் கற்றுக்கொண்டேன். திட்டிக்கொண்டேதான் சொல்லிக்கொடுத்தார். ஒன்றரை வருடம் கழித்து, கவனமாகப் பார்த்துப் பார்த்து, கவிதாவுக்கு மருந்தை நிறுத்தினார்கள். நோய் திரும்பவில்லை. நிறுத்தியபின் செய்த பரிசோதனையில் ஆறு குழாயும் சிவப்பு. சரோஜா ஜன்னலில் வந்து பயந்த முகத்தோடு நின்றார். "இனிமே செவப்புதான்மா பாஸ்" என்றேன். "ஒங்க பரீச்ச வெளங்கவே வெளங்காது" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். திரும்பவும் 'ஒங்க' என்று சொன்னதை நான் கவனித்தேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போன வாரம் நேரிலேயே லேபுக்குப் போனேன். பிரகாஷ் உட்கார்ந்து முழுக்கப் படித்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அது அன்னைக்கு. இவ்ளோ பெரிய விஷயம் நடந்தப்புறம், தெரிஞ்சவங்க கை திரும்ப அப்படிப் போகுமா? ட்ரெய்னிங் குடுத்தாப் போதாதா?"

"செஞ்சு காட்டறேன்" என்றேன். "நீங்க ஏதாவது பேசிட்டே இருங்க."

தண்ணீர் விட்ட ஐந்து டியூப் எடுத்துக்கொண்டேன். நாலு விடிஆர்எல், ஒன்று காம்ப்ளிமென்ட், கயிறு இல்லாமல். வாட்டர் பாத் இன்னும் இடது பக்கம்தான். பிரகாஷ் ஸ்டேஷன் வாசலில் வண்டி நிறுத்துகிற பேஜாரைப் பற்றி ஆரம்பித்தார். எனக்கும் அதில் சொல்ல நிறைய இருந்தது. போன தடவை என் மருமகன் வண்டியைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிரகாஷ் பேச்சை நிறுத்தினார். நான் குனிந்து பார்க்கவில்லை. விரலில் வெந்நீர் பட்டுக்கொண்டிருந்தது.

லதா அலமாரியைத் திறந்து கயிற்றுக் கண்டை எடுத்து வைத்தாள். பிரகாஷ் குழாயை என் கையிலிருந்து வாங்கித் துடைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினார். முடிச்சு அவருக்கு வரவில்லை. போட்டுக் காட்டினேன். "இன்னொரு தடவை செய்யுங்க மேடம்" என்றார், மெதுவாக. மருமகன் வண்டிக் கதையை விட்ட இடத்திலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். சுற்றினேன், உறிஞ்சினேன், எழுதினேன். கட்டைவிரலில் முடிச்சு நெருடியது. கை நின்றது, கதையும் நின்றது. குழாயை வலது பக்கம் ஐஸில் வைத்தேன்.